ஸ்டீம்போட் கெய்சர் ஏன் விழித்தது? மாக்மா, நிலநடுக்கம், பனிநீர், பாதை: நான்கில் எதை நம்பலாம்?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், நாரிஸ் என்ற வெந்நீர்ப் படுகையில் இருக்கிறது ஸ்டீம்போட் என்ற கெய்சர், அதாவது அவ்வப்போது வெந்நீரை உயரப் பாய்ச்சும் ஊற்று. இன்று உலகில் இயங்கும் கெய்சர்களில் இதைவிட உயரமாகப் பீறிடுவது வேறில்லை. நன்றாகப் பாய்ந்தால் நூறு மீட்டரைத் தாண்டும். 2014 செப்டம்பரில் ஒருமுறை பீறிட்டுவிட்டு மூன்றரை ஆண்டு அடங்கிக் கிடந்தது. 2018 மார்ச் 15 அன்று மறுபடி கிளம்பியது. அந்த ஆண்டு மட்டும் 32 முறை. அதுவரை ஓர் ஆண்டுக்கான உச்சம் 1964-ல் பதிவான 29 தான். அடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 48.

இப்படி ஒரு கெய்சர் சுறுசுறுப்பாகும்போதெல்லாம் "கீழே எரிமலை விழிக்கிறது" என்ற காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் போகத் திட்டமிடும் நண்பர்கள் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு பக்கம் சாய்ந்தும் விட்டேன். நிலத்தடிப் பாதைகளில் ஏற்பட்ட மாற்றம்தான் முதல் காரணம் என்பது என் கட்சி. மற்ற மூன்றையும் ஏன் பின்னால் வைத்தேன், எந்த இடத்தில் எனக்கே தயக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கெய்சர் வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரிந்ததே, அதனால் சுருக்கமாக. மழைநீரும் பனிநீரும் தரைக்குள் இறங்கிச் சூடான பாறைகளைத் தொடுகின்றன. ஆழத்தில் மேலுள்ள தண்ணீரின் பாரம் அழுத்துவதால், சாதாரணக் கொதிநிலையைத் தாண்டியும் அந்தத் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். குக்கருக்குள் நடப்பதும் இதுதான். மேலே இருக்கும் குறுகலான வாய் வழியே கொஞ்சம் தண்ணீர் வழிந்தால் போதும், அழுத்தம் குறைந்து கீழே இருப்பதில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி மிச்சத்தையும் தூக்கி எறியும். ஆக, வெப்பம் வேண்டும், தண்ணீர் வேண்டும், குறுகலான பாதை வேண்டும். மூன்றில் எது மாறினாலும் கெய்சர் மாறும். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு எல்லா மாற்றமும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: பக்கத்து ஊற்றுகள் என்ன செய்தன? கீழிருந்து வெப்பம் கூடினால் அது ஒரே ஒரு ஊற்றைத் தேடிப் போய்ச் சூடாக்காது. நல்ல மழை பெய்தால் படுகை முழுவதும்தான் நனையும். பெரிய நிலநடுக்கம் வந்தால் எல்லாமே குலுங்கும். ஆனால் ஓர் ஊற்றின் அடியில் இருக்கும் பாதை திறந்தால் அந்த ஊற்று மட்டும் மாறும். ஒரு கெய்சர் பற்றிய செய்தி வந்தால் அது எவ்வளவு உயரம் பாய்ந்தது என்று நான் இப்போது பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

இந்த அளவுகோலை முதலில் மாக்மாவுக்கு, அதாவது நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்புக்கு, வைத்துப் பார்க்கலாம். மாக்மா ஒரு வெந்நீர்ப் படுகையையே உருவாக்க முடியும் என்பதில் சந்தேகமில்லை. நியூசிலாந்தில் 1886 ஜூன் 10 அன்று தாராவெரா எரிமலை வெடித்தது. அதில் பிளந்த பள்ளத்தாக்கில்தான் 1900-ல் வைமாங்கு கெய்சர் தோன்றி, 460 மீட்டர் வரை பாய்ந்து உலகத்தையே வியக்க வைத்தது. ஆனால் அங்கே மாறியது முழுப் பள்ளத்தாக்கு. அந்த வைமாங்குகூட 1904-ல் நின்றுபோனதற்கு நெருப்பு குறைந்தது காரணம் அல்ல. ஒரு நிலச்சரிவுக்குப் பிறகு அங்கே நீர்மட்டம் மாறியதுதான் என்கிறார்கள்.

நாரிஸிலேயே கீழிருந்து சூடு ஏறியது போல் தோன்றிய ஒரு காலம் உண்டு. 1996 முதல் 2004 வரை அந்தப் பகுதியின் தரை பல சென்டிமீட்டர் உயர்ந்தது. 2003 கோடையில் என்ன நடந்தது பாருங்கள். 1989-ல் வெடித்துச் சிதறியபின் அடங்கியிருந்த போர்க்சாப் கெய்சர் மறுபடி பீறிட்டது. பேர்ல் கெய்சர் வற்றி வெறும் நீராவித் துளையானது. நடைபாதையை ஒட்டித் தரையே சுட்டது, செடிகொடிகள் கருகின. பூங்கா நிர்வாகம் அந்தப் பக்கத்து நடைபாதையை மூடிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலும் அந்த ஆண்டிலுமாக ஸ்டீம்போட்டும் ஐந்து முறை பீறிட்டது. படுகையே சூடேறினால் அறிகுறிகள் இப்படித்தான் நாலாபுறமும் தெரியும்.

2018-ல் அப்படித் தெரியவில்லை. மாரா ரீட், மைக்கேல் மாங்கா முதலிய ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் குடைந்தது. தரை உயர்ந்திருந்தது, மேற்பரப்பின் வெப்பம் மிக லேசாகக் கூடியிருந்தது, நிலநடுக்கங்களும் அதிகரித்திருந்தன என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் நிலத்தடி நீர்த்தேக்கத்தின் வெப்பநிலை மாறவில்லை. உறங்கிக் கிடந்த வேறு எந்த கெய்சரும் விழிக்கவில்லை. எனக்கு இந்த இரண்டாவது செய்தி போதும். அத்தோடு ஆழக் கணக்கையும் பாருங்கள். யெல்லோஸ்டோனின் மாக்மாத் தேக்கத்தின் உச்சியே தரைக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கீழே. ஸ்டீம்போட்டின் பாய்ச்சலுக்குத் தண்ணீர் தரும் தேக்கமோ 25 மீட்டர் ஆழத்தில் என்று கணித்திருக்கிறார்கள். மற்ற கெய்சர்களுக்கு இதைவிட மேலே. அதனால்தான் ஸ்டீம்போட்டுக்கு இந்த உயரம். இவ்வளவு மேலே நடக்கும் ஒன்றுக்கு அவ்வளவு கீழே காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து நிலநடுக்கம். இது மாக்மாவைவிட வலுவான போட்டியாளர். 1959 ஆகஸ்ட் 17 இரவு ஹெப்கன் ஏரியருகே 7.3 அளவில் பூமி நடுங்கியது. அதற்குப் பிறகு யெல்லோஸ்டோனின் படுகைகளில் குறைந்தது 289 ஊற்றுகள் கெய்சராகப் பீறிட்டிருந்தன. அவற்றில் 160-க்கு அதற்கு முன் பீறிட்டதாகப் பதிவே இல்லை. 1983-ல் ஐடஹோவில் போரா சிகரத்தருகே வந்த நடுக்கம், புகழ்பெற்ற ஓல்டு ஃபெய்த்ஃபுல் கெய்சரின் இடைவெளியை நீட்டிவிட்டது. 2002 நவம்பரில் அலாஸ்காவின் டெனாலிப் பகுதியில் 7.9 அளவில் வந்தது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் யெல்லோஸ்டோனின் சில கெய்சர்கள் தாளம் மாறின. நிலநடுக்கம் கெய்சரை மாற்றும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

ஆனால் 2018 கதையில் அது சரியாகப் பொருந்தவில்லை. 2017 கோடையில் யெல்லோஸ்டோனின் மேற்குப் பகுதியில் சுமார் 2,400 சிறு நடுக்கங்கள் தொடராக வந்தன; பெரியது 4.4 அளவு. தொடர் செப்டம்பரில் அடங்கியது, ஸ்டீம்போட் கிளம்பியது மார்ச்சில். நடுவில் ஒரு குளிர்காலமே போய்விட்டது. இதைவிட அதிக நிலநடுக்க ஆற்றல் வெளிப்பட்ட காலங்களில் ஸ்டீம்போட் அசையவில்லை என்பதும் ரீட் குழுவின் ஆய்விலேயே இருக்கிறது. 2014 மார்ச் 30 அன்று நாரிஸுக்கு அருகிலேயே 4.8 அளவில் ஒன்று வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரே ஒரு பாய்ச்சல், அவ்வளவுதான். ஒரே ஒரு தகவல் மட்டும் என்னை உறுத்துகிறது. 1911 முதல் ஐம்பது ஆண்டு தூங்கிய ஸ்டீம்போட் விழித்தது 1961-ல், ஹெப்கன் நடுக்கத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து. இது தற்செயல் என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுக்கம் பாதையில் விரிசல் போட, அது முழுக்கத் திறக்கக் கொஞ்ச காலம் பிடித்திருக்கலாம். அப்படியானால் நடுக்கமும் என் கட்சிக்குள்தான் வருகிறது.

தண்ணீர் வரத்து பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. அது தாளத்தைத் தீர்மானிக்கும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2018 முதல் 2020 வரை ஸ்டீம்போட் கோடையில் அடிக்கடியும் குளிர்காலத்தில் இடைவெளி விட்டும் பீறிட்டது. அந்தக் காலத்தில் மிகக் குறைந்த இடைவெளி மூன்று நாள், மிக அதிகம் 35 நாள். பனி உருகி இறங்கும் தண்ணீருக்கு இதில் பங்கு இருக்கத்தான் வேண்டும். நீண்ட வறட்சி ஒரு கெய்சரையே நிறுத்திவிடும். ஓல்டு ஃபெய்த்ஃபுல் மேட்டில் மரக்கட்டைகள் கண்டெடுக்கப்பட்டன. அந்த மரங்கள் கி.பி. 1233-க்கும் 1362-க்கும் இடையில் வளர்ந்தவை. கொதிநீர் பாய்ந்துகொண்டிருந்தால் அங்கே மரம் முளைக்காது. கடும் வறட்சியில் அந்த கெய்சர் பல பத்தாண்டுகள் நின்றிருக்க வேண்டும் என்பது 2020-ல் வந்த முடிவு. ஆனால் வறட்சியும் மழையும் பொதுவானவை. பக்கத்தில் இருப்பவை தூங்கும்போது ஒன்றை மட்டும் எழுப்ப அவற்றால் முடியாது.

மனிதக் கையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் வீடுகளும் விடுதிகளும் ஆழ்துளை போட்டு வெந்நீர் எடுத்துக் கெய்சர்களைச் சோர வைத்தார்கள். 1980-களின் பிற்பாதியில், போஹுடு கெய்சரைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளை அரசு மூட வைத்தது. நிலத்தடி அழுத்தம் மீண்டது, ஊற்றுகளும் மீண்டன. கெய்சர் செயல்பாடு கூடியதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் அப்படி யாரும் வெந்நீரை உறிஞ்சுவதில்லை.

இப்போது என் கட்சி. யெல்லோஸ்டோனின் பாறையில் சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமம்) அதிகம். சூடான தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து, ஆறும்போது பாதையின் சுவர்களில் படிய வைக்கிறது. கெய்சருக்கு வேண்டிய இறுக்கமான வாயைக் கட்டிக் கொடுப்பதும் இந்தப் படிவுதான், கடைசியில் அடைத்துவிடுவதும் இதுதான். அடைத்தால் அழுத்தம் வேறு பக்கம் வழி தேடும்; எங்காவது உடைத்துக்கொண்டால் அங்கே புது ஊற்று, அல்லது பழைய ஊற்றுக்குப் புது உயிர். இதற்கு மாக்மா ஒரு அடிகூட நகர வேண்டாம்.

ஐஸ்லாந்தின் ஸ்ட்ரோக்கூர் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம். 1789-ல் ஒரு நிலநடுக்கத்தில் அதன் பாதை திறந்தது. 1896-ல் இன்னொரு நடுக்கத்தில் அடைத்துக்கொண்டது. 1963-ல் உள்ளூர்க்காரர்கள் அடைப்பைத் துளைத்து எடுத்தார்கள். அன்று முதல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தவறாமல் பீறிடுகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெரிய கெய்சிர் என்ற கெய்சரோ பெரும்பாலும் தூக்கம்தான். இரண்டுக்கும் ஒரே வெப்பம், ஒரே மழை. நடுக்கம் வந்தால் இரண்டும் சேர்ந்துதான் குலுங்கும். ஒன்றைத் தட்டி எழுப்பியது அடைப்பை நீக்கிய வேலை. அந்தப் பெரிய கெய்சிரையும் 1935-ல் இப்படித்தான் எழுப்பினார்கள்: விளிம்பில் கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை இறக்கினார்கள், பீறிட்டது. கால்வாயைச் சிலிக்கா அடைத்ததும் மறுபடி படுத்துவிட்டது.

யெல்லோஸ்டோனிலும் சாட்சி உண்டு. 2018 செப்டம்பர் 15 அன்று இயர் ஸ்பிரிங் என்ற அமைதியான ஊற்று திடீரென்று பீறிட்டு, பல பத்தாண்டுகளாக மக்கள் உள்ளே எறிந்த நாணயங்கள், 1930-களின் குழந்தைச் சூப்பான், சிமென்ட் கட்டி எல்லாவற்றையும் வெளியே துப்பியது. மார்னிங் குளோரி என்ற குளத்தில் குப்பையும் காசும் அடைத்து வெந்நீர் வரத்துக் குறைந்து, அதன் நீல நிறமே மங்கிவிட்டது. ஒரு கையளவு காசு ஊற்றின் குணத்தை மாற்றும் என்றால் சிலிக்கா மாற்றாதா? (போகிறவர்கள் தயவுசெய்து எதையும் எறியாதீர்கள். வேண்டுதலுக்குக் கோயில் உண்டியல் இருக்கிறது.)

ஸ்டீம்போட்டின் கணக்கும் எனக்கு இதைத்தான் சொல்கிறது. 1982-ல் 23 முறை, 1983-ல் 12, 1984-ல் 5, பிறகு அடக்கம். இந்தமுறை 32, 48, 48 என்று ஏறி, 2021-ல் 20, 2022-ல் 11, 2023-ல் 9, 2024-ல் 6 என்று இறங்கிவிட்டது. சில ஆண்டு ஆவேசம், பிறகு படிப்படியான தளர்ச்சி. பாதை திறந்து, பிறகு சிலிக்கா படியப் படிய இறுகுகிறது என்று வைத்துக்கொண்டால் இந்த வடிவம் இயல்பாக வருகிறது. இது என் வாசிப்பு மட்டுமே. ரீட் குழு காரணம் தெளிவாகவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. நான் அவர்களைவிட ஓர் அடி அதிகம் சாய்ந்து நிற்கிறேன்.

நான் மதிக்கும் மாற்றுக் கருத்து ஒன்று உண்டு. நாரிஸின் தரை 2013-14-ல் வேகமாக உயர்ந்தது, 4.8 நடுக்கத்துக்குப் பிறகு இறங்கியது, 2016-ல் மறுபடி உயர ஆரம்பித்தது. மாக்மாவிலிருந்து பிரிந்த வாயுக்களும் நீரும் மேலேறி ஆழமில்லாத இடத்தில் தேங்கியதால்தான் இந்த ஏற்ற இறக்கம், அதன் தொடர்ச்சிதான் ஸ்டீம்போட் என்று சார்ல்ஸ் விக்ஸ் முதலிய அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தார் 2020-ல் எழுதினார்கள். இதை நான் நிராகரிக்கவில்லை. தேங்கிய வாயு தள்ளியிருக்கலாம், அந்தத் தள்ளலில் ஸ்டீம்போட்டின் பாதை திறந்திருக்கலாம். அப்போதும் ஏன் இந்த ஒன்று மட்டும் என்ற கேள்விக்குப் பாதைதான் பதில்.

பாதைதான் காரணம் என்பதால் பயமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. 2024 ஜூலை 23 அன்று யெல்லோஸ்டோனின் பிஸ்கட் பேசின் என்ற வெந்நீர்ப் படுகையில் பிளாக் டயமண்ட் குளம் வெடித்துக் கற்களை வீசியபோது, சுற்றுலாப் பயணிகள் நடைமேடையிலிருந்து ஓட வேண்டியிருந்தது. மாக்மா மேலே வந்து நடந்தது அல்ல அது. நிலத்துக்குள் கொதிநீர் நீராவியாக மாறிய வெடிப்பு. சிலிக்கா அடைப்பில் அழுத்தம் சேர்ந்தால் இதுவும் நடக்கும். யெல்லோஸ்டோனில் கடைசியாக எரிமலைக் குழம்பு வழிந்து சுமார் 70,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே போகிறவர்கள் எரிமலைக்குப் பயந்து பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். நடைமேடையை விட்டு இறங்காமல் இருந்தால் சரி.

நான் கட்சி மாற வேண்டுமானால் என்ன வேண்டும் என்பதும் எனக்குத் தெளிவு. நாரிஸில் தூங்கும் கெய்சர்கள் பல ஒரே பருவத்தில் சேர்ந்து விழிக்க வேண்டும். தேக்கத்து நீரின் வெப்பநிலை ஏற வேண்டும். ஆறுகளில் கலக்கும் குளோரைடை அளந்து நிலத்தடியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கும் கூடவே உயர வேண்டும். மூன்றும் ஒன்றாக வந்தால் மாக்மாவை முதலிடத்துக்குக் கொண்டுவரத் தயங்க மாட்டேன்.