சிறிய படகில் ரேடார்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

என் படகின் பாய்மரத்தில் சிறிய ரேடார் ஒன்றைப் பொருத்திப் பல பருவங்கள் கடந்துவிட்டன. படத்தின் தெளிவையும் மின்சாரச் செலவையும் விற்பவர்களே விரிவாகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் படத்தை நம்பி மூடுபனிக்குள் படகைச் செலுத்தும் தகுதி ஒருவருக்கு எப்படி வருகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ரேடாரைக் கற்க ஏற்ற நேரம் தெளிந்த பகல்தான். திரையில் தோன்றும் ஒவ்வொரு புள்ளியையும் கண்ணால் தேடிப் பிடிப்பதும், கண்ணில் படும் ஒவ்வொரு படகையும் திரையில் தேடுவதுமாகப் பழகும்போது, கருவி எதைக் காட்டும், எதை விழுங்கும் என்பது புரியத் தொடங்குகிறது. என்னுடையதைப் போன்ற சிறிய ஆன்டெனாவின் கதிர் ஏறக்குறைய 5 டிகிரி அகலம் கொண்டது. 3 கடல் மைல் தொலைவில் அது சுமார் 480 மீட்டரை ஒரேயடியாக மூடிவிடும். அந்த இடைவெளிக்குள் ஒரே தொலைவில் செல்லும் இரண்டு படகுகள் ஒன்றாகவே தெரியும்; குறுகலான துறைமுக வாயில் அடைபட்டதுபோல் தோன்றும்.

அலை எதிரொலியைக் குறைக்கும் சீ கிளட்டர் அமைப்பைத் தானியங்கி நிலையிலேயே விட்டுவிடுவோர் பலர். அமைதியான கடலில் அது போதும். காற்று வலுத்த நாட்களில், அரை மைல் தொலைவில் ஒரு சிறு ஃபைபர் படகைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அந்த அமைப்பைக் கையால் மெல்ல மெல்லக் கூட்டிப் பார்க்க வேண்டும். முதலில் திரையின் நடுவில் இருக்கும் அலைப் புள்ளிகள் கலைகின்றன; இன்னும் சற்றுக் கூட்டினால் படகின் புள்ளி ஒரு சுற்றில் தெரிந்து, அடுத்த இரண்டு சுற்றுகளில் மறைந்து, பின்பு முற்றாகவே போய்விடுகிறது. திரை துப்புரவாக இருப்பதும் கடல் வெறுமையாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தப் பயிற்சியைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை. மழையின் எதிரொலியைக் குறைக்கும் அமைப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மிகுதியான பயிற்சி தேவைப்பட்டது சார்பு இயக்கத்தைப் புரிந்துகொள்ளத்தான். நம் படகு திரையின் நடுவில் அசையாமல் நிற்பதால், திரையில் தெரியும் தடம் எதிர்க் கப்பலின் உண்மையான போக்கன்று. இருவரின் போக்கும் கலந்த விளைவு. நான் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் வடக்கே செல்லும்போது, 030 டிகிரி திசையில், அதாவது வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 30 டிகிரியில், 6 மைலில் ஒரு கப்பல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 நிமிடம் கழித்து அதே 030 டிகிரியில் 4.5 மைலில் இருக்கிறது. திசை மாறாமல் தொலைவு மட்டும் குறைவதால் அது மோதும் போக்கு. 6 நிமிடம் ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதால் நெருங்கும் வேகம் 15 நாட். மோத 18 நிமிடம் இருக்கிறது. உடனே வலப்புறம் 10 டிகிரி மட்டும் திரும்பினால், அக்கப்பல் தன் போக்கை மாற்றாத நிலையில் ஏறத்தாழ கால் மைல் தொலைவில்தான் கடக்கும். 60 டிகிரி திரும்பினால் ஒன்றரை மைலுக்கு மேல் விலகும். சிறு சிறு திருப்பங்களைத் தவிர்க்குமாறும், திருப்பம் அடுத்த கப்பலின் ரேடாரில் எளிதில் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் 8ஆம் விதி வற்புறுத்துவதன் காரணம் இந்தக் கணக்கைத் தாளில் வரைந்தால் விளங்கிவிடும்.

மூடுபனியில் 19ஆம் விதி வேறு பொறுப்பையும் சுமத்துகிறது. ஒருவரையொருவர் கண்ணால் காணாதபோது வழிவிட வேண்டியவர், போக்கைக் காக்க வேண்டியவர் என்ற பிரிவே இல்லை. முந்திச் செல்லும் நிலை தவிர, முன்புறம் உள்ள கப்பலுக்காக இடப்புறம் திரும்புவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். 1956 ஜூலை 25 இரவு ஆண்ட்ரியா டோரியாவும் ஸ்டாக்ஹோமும் மோதியபோது இரு கப்பல்களிலும் ரேடார் இயங்கிக்கொண்டிருந்தது. ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் திரும்பின. குறைவான ரேடார் தகவலை வைத்து ஊகம் செய்யக் கூடாது என்று 7ஆம் விதி சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரவு என் நினைவுக்கு வருகிறது.

இலக்கைத் தானாகப் பின்தொடரும் மார்பா வசதி எனக்குப் பெரிதும் உதவுகிறது. ஆனாலும் அலையில் படகின் முனை ஆடும்போது, அது காட்டும் மிகக் குறுகிய கடப்புத் தொலைவும் கூடவே ஆடுகிறது. எனவே எண் நிலைபெறும்வரை தடத்தையும் திசைக்கோட்டையும் பார்த்தே முடிவெடுக்கிறேன். கப்பல்கள் தம் விவரங்களை வானொலி அலைவழி தாமே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி கப்பலின் பெயரையும் வேகத்தையும் தெளிவாகத் தருகிறது, ஆனால் அந்தக் கருவி இல்லாத மீன்பிடிப் படகை அது அறியாது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், மூடுபனி மிகுந்த கடலில் செல்பவருக்கு ரேடாரையே பரிந்துரைப்பேன்.

ரேடார் வாங்கத் தீர்மானித்தவர்கள், பெரிய திரைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை வேகமாகச் செயல்படும் நல்ல திசை உணரிக்கு ஒதுக்குவது நல்லது. மார்பாவின் நம்பகத்தன்மை பெருமளவு அதையே சார்ந்திருக்கிறது. பொருத்திய முதல் நாளிலேயே, நேர் எதிரே மிதக்கும் ஒரு மிதவையை நோக்கிப் படகைச் செலுத்தி, படகின் முனை நோக்கும் திசையைத் திரையில் காட்டும் முன்கோடு அதன் மீது சரியாக விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு டிகிரி பிசகு இருந்தாலும் அமைப்புப் பட்டியலில் திருத்திக்கொள்ளலாம்.