லோட் ஷெடிங்கும் கிரப்பும்: இரட்டை இயங்குதளக் கணினியின் நெடுநாள் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இன்னும் ஓடும் பழைய டெஸ்க்டாப்களில் விண்டோஸோடு உபுண்டுவோ மின்ட்டோ (இரண்டும் லினக்ஸ் வகைகள்) போட்டால், உள்ளே போனபின் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகராறெல்லாம் வாசலில்தான், அதாவது கணினி எழும் (பூட் ஆகும்) நேரத்தில். அதற்கும், எந்த இயங்குதளத்தைத் திறப்பது என்று மெனு காட்டும் கிரப் என்ற பூட் லோடர் மீது விழும் பழி பெரும்பாலும் அநியாயம்.

லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) கடுமையாக இருந்த 2023-இல் அடிக்கடி தென்பட்டது இது: கரண்ட் திரும்பியதும் நேராக விண்டோஸ் வரும், இல்லையேல் பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்று கறுப்புத் திரை. மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருந்தால், பல போர்டுகளில் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர்) அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை பழைய லெகசியாகிவிடலாம், டிஸ்க்கை அணுகும் ஏஹெச்சிஐ முறை ரெய்டாகிவிடலாம். தேதி பல வருடம் பின்னால் காட்டினால் வேறு சாட்சி வேண்டாம். பேட்டரியை மாற்றி, அமைப்பைத் திருத்தினாலே பலதும் எழுந்துவிடும்.

எழாவிட்டால் லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்). அதையும் யூஇஎஃப்ஐ முறையில்தான் பூட் செய்ய வேண்டும். சிஸ் (/sys) அடைவில் ஃபர்ம்வேருக்குள் 'இஎஃப்ஐ' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் இருப்பது லெகசியில். டிஸ்க்கில் லினக்ஸ் இருக்கும் ரூட் பகுதியை மவுன்ட் செய்து (இணைத்து), ஃபேட்32-இல் உள்ள இஎஃப்ஐ பகுதியை அதன் 'பூட்/இஎஃப்ஐ'யில் சேருங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் என்ற நான்கு அடைவுகளையும் அதற்குள் பைண்ட் செய்து, இஎஃப்ஐவார்ஸையும் (ஃபர்ம்வேரின் இஎஃப்ஐ மாறிகள்) மவுன்ட் செய்தபின் சிஎச்ரூட், அதாவது டிஸ்க்கிலுள்ள அந்த லினக்ஸுக்குள் நுழைவது. பிறகு கிரப்பை மீண்டும் நிறுவும் கிரப்-இன்ஸ்டால், மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப். இஎஃப்ஐவார்ஸ் விடுபட்டால் இஎஃப்ஐ மாறிகளுக்கு ஆதரவில்லை என்று பிழை வரும். இஎஃப்ஐ பகுதியை ஃபார்மட் செய்யவே கூடாது. விண்டோஸின் லோடரும் அங்கேதான் குடியிருக்கிறது.

சில ஃபர்ம்வேர், பூட் வரிசையை எத்தனை முறை மாற்றினாலும் மதிக்காது. அதற்கு கிரப்-இன்ஸ்டாலுடன் 'ரிமூவபிள்' விருப்பம் சேர்த்தால், எந்த ஃபர்ம்வேரும் தேடிப் பார்க்கும் பொதுவான இடத்தில் லோடர் உட்காரும். அழகான வழியல்ல, ஆனால் வேலை செய்யும்.

மெனுவில் விண்டோஸைக் காணோமா? கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைந்திருக்கிறது. டீஃபால்ட் கிரப் கோப்பில் 'டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' வரியை 'ஃபால்ஸ்' ஆக்கி அப்டேட்-கிரப் கொடுங்கள். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப்பின் 'எஸ்பேட்' (பாதுகாப்பற்ற பழைய லோடர்களைத் தடுக்கும் ஏற்பாடு) பிழை வந்த கணினிகளில் செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட லோடரை மட்டும் அனுமதிக்கும் காவல்) அணைத்து, மோக்யூட்டில் கட்டளையால் எஸ்பேட் கொள்கையை அழித்து, ஒருமுறை லினக்ஸில் பூட் செய்தபின் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கலாம்.

பூட் ஆகும்போதே கரண்ட் போனால் உபுண்டுவின் கிரப் அடுத்தமுறை மெனுவில் 30 விநாடி நிற்கும், அது பழுதல்ல. கர்னல் (லினக்ஸின் மையக் கரு) அப்டேட்டின் நடுவில் போனால்தான் வினை: ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆகி நின்றுவிடும். மெனுவின் கூடுதல் விருப்பங்களில் பழைய கர்னலைத் தேர்ந்து உள்ளே போய், மென்பொருள் நிறுவும் கருவியான டிபிகேஜியின் விடுபட்ட கான்ஃபிகர் வேலையை முடித்து, பூட்டுக்குத் தேவையான தொடக்கக் கோப்பை உருவாக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டுங்கள். டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று அந்தப் பழைய கர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.