க்ரோனி (கம்ப்யூட்டர் நேரத்தை நெட் வழியா சரியா வெக்கிற சாஃப்ட்வேர்): ஒன்றரை வருசமா ஓட்டுறேன், நல்லது கெட்டது ரெண்டும் சொல்றேன்

குடோன்ல நாலு ரோல் துணி குறையுது, அங்க ஆரம்பிச்சது இது. நம்மது திருப்பூர்ல ஒரு நடுத்தர பனியன் கம்பெனி, நான் அங்க சிஸ்டம் பாக்குற ஆளு, சிஸ்டம்னா ப்ரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. கேமரா ரெக்கார்டிங்ல வண்டி கேட்டை தாண்டுறது 7:42, கேட் பாஸ் பில்லிங் கம்ப்யூட்டர்ல அடிச்சது 7:31. பாஸ் போட்டு பதினோரு நிமிசம் கழிச்சு வண்டி போயிருக்கு, எல்லாம் சரியாத்தானே இருக்குன்னு முதலாளியே சொல்லிட்டாரு. எனக்கு என்னமோ உறுத்துச்சு, செல்போனை டிவிஆர் (கேமரா ரெக்கார்ட் பண்ற பெட்டி) ஸ்க்ரீனுக்கு பக்கத்துல வெச்சு பாத்தா டிவிஆர் 14 நிமிசம் ஃபாஸ்ட். பில்லிங் கம்ப்யூட்டர் 3 நிமிசம் ஸ்லோ. அப்ப கணக்கு போட்டு பாருங்க, வண்டி போனது நிஜத்துல 7:28, பாஸ் அடிச்சது 7:34. வண்டி போனதுக்கு அப்புறம் பாஸ் போட்டிருக்காங்க! மேல நடந்த பஞ்சாயத்து எல்லாம் இங்க வேண்டாம் விடுங்க, அன்னைக்கு சாயங்காலமே "எல்லா மெஷின்லயும் ஒரே டைம் வரணும் தம்பி"ன்னு உத்தரவு வந்துருச்சு.

அதுக்குன்னு மூலைல கெடந்த ஒரு பழைய பிசில டெபியன் லினக்ஸ் போட்டு க்ரோனி ஏத்தினேன். காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ். ரிச்சர்ட் கர்னோன்னு ஒருத்தர் 90கள்ல எழுத ஆரம்பிச்சது, ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7ல இருந்து அவங்களுக்கு இதுதான் டிஃபால்ட். நான் ஏன் இதே வேலை செய்யற பழைய என்டிபிடிய விட்டுட்டு இதை எடுத்தேன்னா நம்ம ஊர் கரண்டும் நெட்டும் லட்சணம் தெரியுமில்ல, க்ரோனி நெட் விட்டு விட்டு வர்ற இடத்துக்கும் சேத்தே செஞ்சது. நெட் இருக்கறப்ப இந்த மெஷினோட கடிகாரத்தை ஓட்டுற க்ரிஸ்டல் ஒரு நாளைக்கு எவ்வளவு தப்பா ஓடுதுன்னு கணக்கெடுத்து ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுக்கும், நெட் போனா அந்த கணக்கை வெச்சே ஓட்டும். பத்து லட்சத்துல 20 பங்கு தப்பா ஓடுற சாதாரண க்ரிஸ்டல்னாலே ஒரு நாளைக்கு 1.7 செகண்ட் போகும், வருசத்துக்கு பத்து நிமிசம் சொச்சம், அப்பறம் டிவிஆர் 14 நிமிசம் ஓடாம என்ன பண்ணும், மாட்டுன நாள்ல இருந்து யாரும் தொடலையே.

இன்ஸ்டால் அஞ்சு நிமிசம். மத்திய அரசோட கம்ப்யூட்டர் அமைப்பு என்ஐசியோட சமய்1, சமய்2 சர்வர், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் என்பிஎல் சர்வர், அது கூட பொது டைம் சர்வர் பூல்ல ஒண்ணுன்னு மொத்தம் நாலு குடுத்தேன். ரெண்டே ரெண்டு மட்டும் குடுக்காதீங்க, ரெண்டும் வேற வேற சொன்னா எது பொய்னு அதுக்கு எப்படி தெரியும். கூகுள் டைம் சர்வரை மத்ததோட கலக்காதீங்க, லீப் செகண்டை, அதாவது எப்பவாச்சும் கூட்டுற அந்த ஒரு செகண்டை, அவங்க நாள் முழுக்க பரப்பி குடுப்பாங்க, நான் போட்ட மத்த சர்வருங்க அப்படி இல்ல. என்ஐசி, என்பிஎல்லை எடுத்ததுக்கு இன்னொரு காரணம், மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுல கடிகாரத்தை இந்த ரெண்டுல ஒண்ணோட, இல்ல அதுல இருந்து நேரம் எடுக்குற சர்வரோட சேத்து வைக்கணும்னு இருக்கு, ஆடிட்டர் கேட்டா காட்டலாம்.

அப்புறம் அரை நாள் வீணாச்சு, ஒரு மெஷினும் இதுகிட்ட நேரம் வாங்கல. க்ரோனி சும்மா விட்டா நேரம் வாங்க மட்டும்தான் செய்யும், யாருக்கும் குடுக்காது. கான்ஃபிக் ஃபைல்ல அலவ்னு எழுதி பக்கத்துல 192.168.1.0/24ன்னு நம்ம நெட்வொர்க்கை போடணும், ஃபயர்வால்ல யுடிபி 123ங்கற போர்ட்டை திறக்கணும். இன்னொரு கூத்து, க்ரோனியோட கமாண்ட் க்ரோனிசி, அதுல க்ரோனிசி சோர்ஸஸ்னு அடிச்சா ரீச்னு ஒரு காலத்துல 377, 377ன்னு வந்து நிக்குது, நான் ஏதோ எரர் கோடுன்னு பயந்துட்டேன். கடைசி எட்டு தடவை கேட்டதுக்கு எட்டும் பதில் வந்துருச்சுன்னு அர்த்தமாம், ஆக்டல் கணக்கு. இதை ஸ்க்ரீன்லயே தமிழ்ல வேண்டாம் மனுசன் பாசைல சொன்னா என்ன குறைஞ்சிடும்.

நேரம் மட்டும் சொக்கத்தங்கம். க்ரோனிசி ட்ராக்கிங்னு அடிச்சு பாத்தா 0.0004 செகண்ட் ஸ்லோன்னு காட்டுது, நம்ம தேவைக்கு அதுல ஆயிரத்துல ஒரு பங்கு துல்லியம் இருந்தாலே தாராளம்.

டிவிஆர் கதை தனி. என்டிபி (நெட்வொர்க்ல நேரம் வாங்குற முறை) ஆப்ஷன்ல நம்ம சர்வர் ஐபிய போட்டு சேவ் பண்ணதும் ரெண்டரை மணி நேரம் முன்னாடி குதிச்சிருச்சு. கேமராக்காரர் போன்ல "உங்க சர்வர்தாங்க தப்பு, கழட்டி விட்டுருங்க"ன்னு ஒரே பிடி. மெனுவுல நோண்டி பாத்தா டைம் சோன் ஜிஎம்டி+8ல நிக்குது, சைனா நேரம், மாட்டுனப்ப நேரத்தை கையால போட்டுட்டு சோனை தொடவே இல்ல. என்டிபி குடுக்கறது வெறும் யுடிசி, உலகப் பொது நேரம், அதுல 5:30 கூட்டறது அந்தந்த மெஷின் வேலை. மாத்துனதும் அடங்கிருச்சு. பஞ்ச் மெஷின்ல என்டிபிங்கற ஆப்ஷனே இல்ல, அட்டெண்டென்ஸ் சாஃப்ட்வேர் ஓடுற பிசில இருந்து நேரம் எடுக்குது, அதனால அந்த பிசிய மட்டும் சரி பண்ணேன், முடிஞ்சுது.

இப்ப குறை. பில்லிங் சர்வர் நம்மகிட்ட விஎம்ல (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) ஓடுது, அதுக்குள்ளயும் க்ரோனிதான். ஒரு நாள் ராத்திரி பேக்கப்புக்காக விஎம்மை அப்படியே நிறுத்தி வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஓட விட்டோம். காலைல வந்தா பில் எல்லாம் மணிக்கணக்குல பின்னாடி நேரத்துல அடிக்குது. க்ரோனி ஓடுதான்னா ஓடுது, சர்வர் கிடைக்குதான்னா கிடைக்குது. விசயம் என்னன்னா டிஃபால்ட்ல முதல் மூணு அப்டேட்டுக்குள்ளதான் நேரத்தை ஒரே தாவா தாவ விடும், அப்புறம் எவ்வளவு தப்பா இருந்தாலும் மெதுவாத்தான் தள்ளும். ஒரு செகண்ட் தப்பை சரி பண்ண 12 செகண்ட் எடுக்கும், அப்ப ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நாள் முழுசா. க்ரோனிசி மேக்ஸ்டெப்னு (makestep) ஒரு தடவை அடிச்சேன், டக்குனு வந்துருச்சு. டேட்டாபேஸ் இருக்கற இடத்துல நேரம் சும்மா சும்மா தாவக்கூடாதுன்னு யோசிச்சு வெச்சிருக்காங்க, தப்பு சொல்ல முடியாது, ஆனா அன்னைக்கு அக்கவுண்ட்ஸ் அக்காகிட்ட வாங்குன திட்டுக்கு இந்த விளக்கம் எடுபடல. விஎம்ல வைக்கிறவங்க கான்ஃபிக்ல makestep வரில இருக்கற அந்த 3ஐ -1ன்னு மாத்திக்கோங்க, எப்ப வேணா தாவும்.

மத்தபடி ஒன்றரை வருசத்துல நான் அந்த பிசிய தொட்டது ரெண்டு தடவை, ஒண்ணு தூசி தட்ட, இன்னொண்ணு மதர்போர்டு செல் மாத்த. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை 377க்காக புடிச்சுக்கிட்டது.

இப்ப கேமரா, பில்லிங், பஞ்ச் எல்லாம் ஒரே நேரம். கட்டிங் செக்சன்ல தொங்குற சுவர் கடிகாரம் மட்டும் பத்து நிமிசம் ஃபாஸ்ட், சரி பண்ணலாம்னு ஸ்டூல் போட்டு ஏறுனேன், "அதை தொடாத தம்பி, அது நான் வெச்சது"ன்னு முதலாளி கீழ இருந்தே இறக்கி விட்டுட்டாரு.