ஃபனாடெக்கா, ஜி29-ஆ: கைமாறிய கம்பெனியின் வீலை நான் ஏன் எடுக்கவில்லை

அத்தான் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வர இரண்டு வாரம் இருந்தபோது போன் செய்தார். "கூட வேலை செய்யுற பையன் கணக்கு முடிச்சு ஊருக்குப் போறான். நீ கேட்டுக்கிட்டே இருந்த அந்த ரேஸ் வீல் அவன்கிட்ட கிடக்கு, ஃபனாடெக். வாங்குன விலையில பாதிக்குத் தாறேன்னு சொல்லுதான். நாளைக்குள்ள சொல்லு." அதே வாரம் நாகர்கோவில் பார்வதிபுரத்தில் ஒரு பையன், பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பும் அவசரத்தில், கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடும் வீலான தன் லாஜிடெக் ஜி29-ஐ 16,000 ரூபாய்க்கு விற்கத் தயாராக இருந்தான். ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு ஜி29-ஐ எடுத்தேன். முட்டத்தில் என் அறையில் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

விஷயம் தெரிந்த நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "திவாலான ஃபனாடெக்கைத்தான் கோர்செயர் வாங்கிட்டானே, இனி என்ன பயம்?" அந்தப் பயம் என்னவென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டும் சுகத்தில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. அத்தான் சொன்னது சிஎஸ்எல் டிடி என்ற மாடல். 2021-ல் பேஸ், அதாவது மோட்டார் இருக்கும் பெட்டி மட்டும் 349.95 யூரோவுக்கு வந்தது. மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீரிங் மாட்டப்பட்டிருக்கும், நடுவில் பல்சக்கரமோ பெல்ட்டோ கிடையாது. இதைத்தான் டைரக்ட் டிரைவ் என்கிறார்கள். 5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, பெரிய பவர் சப்ளை போட்டால் 8. ஜி29 தருவது சுமார் 2. அதிலும் இரண்டு மோட்டார்கள் பல்சக்கரம் வழியாகத் திருப்புவதால் கரகரவென்று சத்தம் வரும், நடுப்பகுதியில் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கும். திருவனந்தபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் டைரக்ட் டிரைவ் வீலை மூன்று சாயங்காலம் ஓட்டியிருக்கிறேன். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும் கணம் கைக்குத் தெரிகிறது. ஜி29-ல் கண் பார்த்த பிறகுதான் கை திருப்புகிறது. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

சரி, கம்பெனிக்கு வருவோம். ஃபனாடெக் என்பது பிராண்டின் பெயர். அதை நடத்தியது ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் லாண்ட்ஸ்ஹூட் நகரில் இருந்த எண்டோர் ஏஜி. 2023 கடைசியில் தள்ளுபடி விற்பனையில் பணம் கட்டியவர்களில் பலர் பொருளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் நிறுவனர் தாமஸ் யாக்கர்மையர் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். கடனைச் சீரமைக்க முயன்றார்கள், நடக்கவில்லை. அந்த ஆண்டே திவால் மனு போட்டார்கள். செப்டம்பரில் அமெரிக்காவின் கோர்செயர் தொழிலை வாங்கிக்கொண்டது. கேமிங் சாமான்கள் விற்கும், எல்காட்டோ, ஸ்கஃப் பிராண்டுகளையும் வைத்திருக்கும் அதே கோர்செயர்தான். பிராண்ட் இன்றும் விற்பனையில் இருக்கிறது, வீலைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருளும் வருகிறது. இதை ஒரு நல்ல முடிவு என்றே நானும் நினைக்கிறேன். யாரும் வாங்காமல் போயிருந்தால் அத்தனை வீல்களும் அநாதையாகியிருக்கும்.

ஆனால் 'கம்பெனியை வாங்கினான்' என்று நாம் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. திவாலில் பெரும்பாலும் விற்கப்படுவது கம்பெனி அல்ல, அதன் சொத்து. பெயர், வடிவமைப்பு, அச்சு, கிடங்குச் சரக்கு, மென்பொருள் எல்லாம் புதியவரிடம் போகும். கடன் பழைய கம்பெனியிடமே கிடக்கும். நம் கையில் இருக்கும் வாரண்டி சீட்டு ஒரு கடன்தான். 'கெட்டுப்போனால் சரிசெய்து தருவேன்' என்று ஒரு குறிப்பிட்ட கம்பெனி கொடுத்த வாக்கு அது. ஆளே இல்லாமல் போனால் வாக்கை யாரிடம் கேட்பது? புதியவர் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அதை ஏற்கலாம், நல்ல வியாபாரி ஏற்பார். அது அவர் மனசு. நமக்கு உரிமை என்று ஒன்றும் இல்லை. பொருள் வராமல் முன்பணம் மட்டும் கட்டியவர் நிலைமை இன்னும் மோசம். அடமானம் வாங்கிய வங்கிகள் எடுத்த பிறகு ஏதாவது மிஞ்சினால்தான் அவருக்கு. நம் நாட்டில் 2016-ன் திவால் சட்டத்தில் வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களுக்கு 2018-ல் திருத்தம் கொண்டுவந்து, வங்கிகளோடு சேர்ந்து உட்காரும் இடம் கொடுத்தார்கள். ஸ்டீரிங் வீலுக்குப் பணம் கட்டியவருக்கு அப்படி ஒரு நாற்காலி கிடையாது.

கைமாறுதல் எப்படியெல்லாம் முடியலாம் என்பதற்கு இதே துறையில் பழைய உதாரணங்கள் உண்டு. மேட் கேட்ஸ் கம்பெனி 2016 செப்டம்பரில் தன் சைடெக் பிரிவை 1.3 கோடி டாலருக்கு லாஜிடெக்கிடம் விற்றது. ஆறு மாதம் கழித்து, 2017 மார்ச்சில், மேட் கேட்ஸே திவால். சைடெக்கின் விமான ஜாய்ஸ்டிக்குகள் லாஜிடெக் பெயரில் இன்றும் கடையில் இருக்கின்றன. மேட் கேட்ஸின் கம்ப்யூட்டர் மவுஸ் வைத்திருந்தவருக்குக் கேட்க ஆளில்லாமல் போனது. 2018-ல் மேட் கேட்ஸ் என்ற பெயர் திரும்ப வந்தது, ஆனால் வேறு கைகளில். அதற்கும் முன்னால், கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு செய்த 3டிஎஃப்எக்ஸ். 2000 டிசம்பரில் அதன் சொத்துகளை என்விடியா வாங்குவதாக முடிவானது. அதன் வூடூ கார்டு வைத்திருந்தவர்களுக்கு என்விடியா டிரைவர் எழுதித் தரவில்லை. அந்தக் கார்டுகளைப் பல வருஷம் ஓட வைத்தவர்கள் ரசிகர்கள்தான். வாங்கியவர் பெரிய ஆள் என்பதால் மட்டும் பழைய வாடிக்கையாளர் பிழைத்துவிடுவதில்லை. வாங்கியவருக்கு அந்தப் பொருளைத் தொடர்ந்து விற்கும் எண்ணம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. ஃபனாடெக் விஷயத்தில் கோர்செயருக்கு அந்த எண்ணம் தெளிவாகவே இருக்கிறது. இது அந்தப் பக்கத்துக்குப் பெரிய பலம், மறுக்கவே மாட்டேன்.

அப்புறம் ஏன் எடுக்கவில்லை? இரண்டுமே பழைய பொருள். மஸ்கட் வீலுக்கும் இங்கே வாரண்டி கிடையாது, பார்வதிபுரம் வீலுக்கும் கிடையாது. ஆகவே வாரண்டியைத் தராசிலிருந்து எடுத்துவிட்டேன். மிஞ்சியது ஒன்றே ஒன்று: நாலு வருஷம் கழித்து ஒரு நாள் இது நின்றுபோனால், நாகர்கோவிலில் வைத்தே திரும்ப ஓட வைக்க முடியுமா?

இந்தக் கேள்வி எனக்கு அனுபவத்தில் வந்தது. முன்பு ஒரு சின்னக் கம்பெனியின் வீல் வைத்திருந்தேன். கம்பெனி மூடியது. கம்ப்யூட்டரை மாற்றியபோது டிரைவர் தேடினால் இணையதளமே இல்லை. மோட்டார் சுற்றுகிறது, பெடல் அழுந்துகிறது, எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது யாரென்று தெரியவில்லை. நல்ல உடம்போடு இருந்த ஒரு பொருளைப் பரணில் தூக்கி வைத்தது இன்றும் மனதை உறுத்துகிறது.

அதனால் இந்த முறை முடிவு எடுப்பதற்கு முன்பே, வடசேரியில் போர்டு ரிப்பேர் செய்யும் ஒரு அண்ணனிடம் போனேன். டிவி போர்டு, இன்வெர்ட்டர் போர்டு, படகில் வைக்கும் எக்கோ சவுண்டர் என்று எது கொண்டுபோனாலும் திறந்து பார்ப்பவர். இரண்டு வீல்களின் உள்படங்களையும் காட்டினேன். ஜி29-ஐப் பார்த்ததும், "இது பிரிண்டர் மாதிரிதான் தம்பி, ரெண்டு மோட்டார், நாலு பல்லு, பெடல்ல ரேடியோ வால்யூம்ல இருக்க அதே சாமான்" என்றார். அடுத்த படத்தை வெகுநேரம் பார்த்தார். "மோட்டார் போனா சுத்திரலாம். இந்தப் போர்டு போச்சுன்னா இதே போர்டுதான் வேணும். போர்டு கிடைச்சாலும் அதுக்குள்ள போடுற புரோகிராமை நான் எங்க போயி எடுக்க?"

அவர் சொன்னதை அப்படியே இரண்டு வீலுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஜி29-ல் வரக்கூடிய கோளாறுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பெடலுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அண்ணன் சொன்ன அந்த ரேடியோ வால்யூம் சாமான். தூசியும் ஈரமும் ஏறினால் பிரேக்கை மெதுவாக அழுத்தும்போதே திடீரென்று முழு அழுத்தம் காட்டும். கான்டாக்ட் கிளீனர் ஒரு பாட்டில் இருந்தால் அரை மணி நேர வேலை. தேய்ந்தே போனால் புதிதாக ஒன்று பற்றவைக்கலாம். மோட்டார் முனையில் இருந்து சுழற்சியை எண்ண உதவும் சின்ன பிளாஸ்டிக் என்கோடர் சில்லு விரிசல் விட்டால் ஸ்டீரிங்கின் நடுப்புள்ளி தவறும். அதற்கு உலோகச் சில்லு தனியாகக் கிடைக்கிறது. 2015-லிருந்து விற்கும் மாடல் என்பதால் செத்துப்போன ஜி29-களும் நிறைய உண்டு. ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்குப் போடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொல்லிவைத்தால் சாமானை ஒரு ராத்திரிப் பார்சலில் நாகர்கோவிலுக்கு வரவழைக்கலாம்.

டைரக்ட் டிரைவில் தேயும் பொருள் குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல் இல்லை, பெல்ட் இல்லை. ஜி29 இரண்டு முறை ரிப்பேருக்குப் போகும் காலத்தில் அது ஒரு முறைகூடப் போகாமல் இருக்கலாம். மூன்று சாயங்கால அனுபவத்தை வைத்துக்கொண்டு அதன் ஆயுளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அது நின்றால் நின்றதுதான். பேஸுக்கு ஒரு ஃபர்ம்வேர் (அண்ணன் சொன்ன அந்த உள் புரோகிராம்), மோட்டாருக்கு ஒன்று, மேலே மாட்டும் ஸ்டீரிங்குக்கு ஒன்று, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவரோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்டீரிங் வளையம் அவர்களுடைய பேஸில்தான் பேசும். சிஎஸ்எல் பெடலின் வயர் பேஸில்தான் சொருகும், நேராகக் கம்ப்யூட்டரில் சொருகத் தனி அடாப்டர் வாங்க வேண்டும். பேஸ் ஒன்று போனால் மற்ற எல்லாம் அதோடு சேர்ந்து உட்கார்ந்துவிடும். இத்தனை முடிச்சுகளும் ஒரே கம்பெனியின் கையில் இருக்கும்போது, அந்தக் கம்பெனி ஒருமுறை விழுந்து எழுந்தது என்பது எனக்குச் சின்னச் செய்தி அல்ல. கோர்செயர் புதிய மாடல்களை நன்றாகவே கவனிக்கும் என்று நம்புகிறேன். 2021 மாடலின் போர்டை 2029-ல் கிடங்கில் வைத்திருக்குமா என்பதில்தான் என் கை தயங்கியது.

எங்கள் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டத்தில் ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடித்தாலும் துரு பூக்கும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் உப்புக் காற்று. இங்கே மின்சாதனம் எதுவும் ரிப்பேரே வராமல் ஓடும் என்று நான் எண்ணுவதில்லை. எத்தனை முறை கெடும் என்பதைவிட, கெட்டால் யார் திறப்பார் என்பதுதான் கடற்கரை வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி. எட்டு மாதத்தில் பெடலை ஒருமுறை கிளீனர் போட்டுத் துடைத்தேன், அவ்வளவுதான். வீட்டு நடையில் உட்கார்ந்து நானே செய்தேன்.

த்ரஸ்ட்மாஸ்டரின் டி300, மோசாவின் ஆர்5 இரண்டும் நல்ல பெயர் எடுத்தவை, நான் தொட்டதில்லை. தரையில் அசையாத ஸ்டாண்டும் ஏசி அறையும் இருந்து, புதிய டைரக்ட் டிரைவ் வீலை இந்திய பில்லோடு வாங்க முடிகிறவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம், அதையே எடுக்கட்டும். அப்படி எடுக்கும்போது பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் கம்பெனி விழுந்தாலும் விற்ற கடையும் இறக்குமதியாளரும் இங்கே இருப்பார்கள். 2019-ன் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நமக்கு நாகர்கோவிலிலேயே, புகார் கொடுக்கலாம். அத்தான் சூட்கேஸில் வரும் வீலுக்கு அந்த வாசல் கிடையாது.

கைமாறிய கம்பெனியின் வீலை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதை அவசரப்பட்டு விற்க வேண்டாம். இப்போது விற்றால் பயத்தின் விலைதான் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர், ஃபர்ம்வேர் கோப்புகளை அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். எல்லாம் சரியாக ஓடும்போது ஃபர்ம்வேரை மாற்றாதீர்கள். கைமாறும் சமயத்தில் முன்பதிவுக்குப் பணம் கட்டுவதானால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருள் வராவிட்டால் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும்.

அத்தானிடம் வேண்டாம் என்று சொன்னபோது, "பாதி விலைக்கு வருதே" என்று இரண்டு முறை கேட்டார். அந்த வீல் இப்போது மார்த்தாண்டத்தில் அவர் நண்பரின் மகனிடம் இருக்கிறது. போன மாதம் போய் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடுகிறது. டிரைவர் கோப்பை எடுத்து வைத்திருக்கிறாயா என்று அவனிடம் கேட்டேன். இல்லை என்றான். அன்றைக்கே உட்கார்ந்து அவனுக்கு ஒரு பென்டிரைவில் போட்டுக்கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.