20 கோடு, 50 யூனிட்

விமானம், டாக்சி, பாங்க் வேலை, பத்திரப்பதிவு அலுவலகம்: இந்த முறை திருச்சியில் எல்லாமே சொன்ன நேரத்துக்கு நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியிருப்பது அப்பாவின் இன்சுலின் ஊசியைப் பற்றி.

அப்பாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு ஏஜென்சி மூலம் ‘ஹோம் நர்ஸ்’ வைத்திருக்கிறோம். அரியலூர் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். ‘டிரெயினிங் பெற்ற நர்ஸ், 24 மணி நேரம், 27,000 ரூபாய்’ என்று பில் வரும். நான் லண்டனில் இருந்து மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கப் போனவன் தற்செயலாகத்தான் பார்த்தேன். கையில் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆனால் அவர் உறிஞ்சிக்கொண்டிருந்தது பாட்டிலில் இருந்து இல்லை, இன்சுலின் போடும் பேனா மாதிரியான கருவிக்குள் மாட்டும் மருந்துக் குழலில், கார்ட்ரிட்ஜில் இருந்து. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் இது தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர் மருந்துக்கடையில் பாட்டிலில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனா கார்ட்ரிட்ஜில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி. பாட்டில் மருந்தாக இருந்தால் அது 20 யூனிட், டாக்டர் எழுதிய அளவேதான். கார்ட்ரிட்ஜ் மருந்தாக இருந்தால் 50 யூனிட். ஊசி போட்டு, படுக்க வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். தூக்கத்தில் சர்க்கரை இறங்கி நினைவு தப்பினால், தூங்குகிறார் என்றுதானே எல்லாரும் நினைப்போம்?

“என்னக்கா இது?” என்றேன். “டாக்டர் மருந்த மாத்திட்டாருல்ல தம்பி, அந்தப் பேனா எனக்குத் திருகத் தெரியல. பழைய ஊசி இருந்துச்சு, அதுல எடுத்தேன். இருபதுன்னா இருபதுதானே?”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருபது என்றால் இருபதுதானே என்று யாருக்கும் தோன்றும். நர்சிங் படித்தீர்களா என்று அப்போதுதான் கேட்டேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரி வார்டில் கொஞ்ச நாள் ஆயாவாக இருந்தாராம். ஏஜென்சியில் மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார்களாம். அந்த 27,000-ல் அவர் கைக்குப் போவது 15,000. மிச்சம் எதற்கு? ஏஜென்சிக்கு போன் போட்டேன். “வேற ஸ்டாஃப் அனுப்பிடறோம் சார்.” நர்சிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும் நர்ஸா என்றதற்கு, “அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான் சார், வீட்டுக்கு யாரும் கேட்கறதில்ல.” ஒருவிதத்தில் உண்மையைத்தான் சொன்னார்.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வருவார். கண்ணாடி சிரிஞ்சை அடுப்பில் கொதிக்க வைத்து, ஊசி போட்டு, காபி குடித்துவிட்டுப் போவார். அவரிடமும் பட்டம் கிடையாது. ஆனால் சீட்டில் டாக்டரின் கையெழுத்து புரியவில்லை என்றால் திரும்ப சைக்கிளை மிதித்துப் போய்க் கேட்டு வருவார். இந்த ஏஜென்சியில் சந்தேகம் கேட்க அக்காவுக்கு ஒரு ஆள்கூட இல்லை.

லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தனியாக இருக்கிறார். அவரைக் கவனித்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பும் கேரர், அரசு மருத்துவச் சேவையின் நர்ஸ் தனியாகப் பயிற்சி கொடுத்து ஒப்படைத்தால் ஒழிய இன்சுலினைத் தொடக்கூடாது. கொடுத்த மாத்திரைக்கெல்லாம் சார்ட்டில் கையெழுத்து. ஏஜென்சியை சிக்யூசி என்ற அரசு அமைப்பு சோதித்து மதிப்பீடு போடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த சிக்யூசியும் ஒழுங்கில்லை, பல இடங்களுக்கு மதிப்பீடே போடவில்லை என்று 2024-ல் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. கேரர் கால் மணி நேரத்தில், பாட்டியின் டீ ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார். எங்கள் அக்கா அப்பாவுக்குத் தினத்தந்தி வாசித்துக் காட்டுகிறார், ரசம் சோறு பிசைந்து ஊட்டுகிறார், ராத்திரியும் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறார். அப்பா உடம்பில் ஒரு படுக்கைப்புண் கிடையாது. அந்த அன்பை லண்டனில் எவ்வளவு கொடுத்தும் வாங்க முடியாது என்று அம்மாவிடம் நானே சொன்னேன், அதே வாரத்தில்தான் இந்த ஊசியும்.

நம் ஊரில் சட்டமே யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2007-ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது, 2024-ல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியும் ஆனது. இன்னொரு பக்கம் எதிர்வீட்டுப் பெரியவருக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது, 2021-ல் தொடங்கிய திட்டம். கொண்டுவரும் பெண் பிரஷர் பார்த்து நோட்டில் குறித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். காசு வாங்காமல் வருபவர் எழுதி வைக்கிறார், 27,000 வாங்கும் இடத்தில் ஒரு நோட்டுகூடக் கிடையாது!

அக்காவை மாற்றலாம் என்றதும் அப்பா சாப்பிட மாட்டேன் என்றார். சரி, அக்கா இருக்கட்டும். சிவப்பு மூடி சிரிஞ்சுகள் குப்பைக்குப் போயின. பேனாவைப் போட என் தங்கை டாக்டரிடம் கற்றுக்கொண்டாள், இரண்டு வேளையும் உறையூரில் இருந்து ஸ்கூட்டியில் வந்து அவளே போடுகிறாள். அப்படியென்றால் நர்சிங் கட்டணத்தைக் குறையுங்கள் என்று ஏஜென்சியிடம் கேட்டேன். அது பேக்கேஜ் சார், தனியாகப் பிரிக்க முடியாது என்கிறார்கள். இந்த மாத பில்லும் வந்துவிட்டது, 27,000-தான்.