வாளையாற்றில் வாங்கிய 50 ரூபாய்ச் சீட்டு: கேரள அரசு லாட்டரி பற்றி ஒரு மதிப்பீடு

பாலக்காட்டில் உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்து கோவைக்குத் திரும்பும் வழியில், கேரள எல்லையிலுள்ள வாளையாற்றில் சாலையோரம் வரிசையாக இருக்கும் லாட்டரிக் கடைகளில் ஒன்றில் நின்று, சனிக்கிழமைதோறும் குலுக்கப்படும் காருண்யா சீட்டு ஒன்றை 50 ரூபாய்க்கு வாங்கினேன். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து லாட்டரிக்குத் தடை இருப்பதால், நம் பக்கத்து இளைஞர்களில் பலர் அரசு வெளியிடும் சீட்டைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கொடுத்த காசு எங்கே போகிறது, குலுக்கலை நம்பலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடியே இதை எழுதுகிறேன்.

சீட்டில் இரண்டு எழுத்து கொண்ட வரிசைக் குறியீடும் ஆறிலக்க எண்ணும் இருக்கும். எண்கள் 1,00,000இல் தொடங்கி 9,99,999 வரை செல்வதால் ஒரு வரிசைக்கு 9 இலட்சம் சீட்டுகள். பன்னிரண்டு வரிசைகளும் முழுமையாக அச்சானால் 1 கோடியே 8 இலட்சம். முதல் பரிசான 1 கோடி ரூபாய் அவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான். கடைசி நான்கு இலக்கங்கள் பொருந்தினால் கிடைக்கும் சிறு பரிசுகள் ஏராளமாக இருப்பதால்தான் வாங்குவோர் மறுபடியும் கடைக்கு வருகிறார்கள்.

நடத்தும் முறையைப் பொறுத்தவரை எனக்கு மனநிறைவே. 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், சீட்டை மாநில அரசே தன் முத்திரையுடன் அச்சிட வேண்டும், குலுக்கலையும் அந்த மாநிலத்துக்குள் அரசே நடத்த வேண்டும், விற்பனைப் பணம் அரசுக் கணக்கில் சேர வேண்டும், எவரும் கேட்டு வராத பரிசுத்தொகை அரசையே சேரும் என்று விதிக்கிறது. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்பதும் அதே சட்டம். தினமும் குலுக்கல் நடத்தும் கேரளம், வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு பெயர்களில் சீட்டு வெளியிடுவதன் காரணம் இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பெரும் பரிசுக்கான சிறப்புக் குலுக்கலான பம்பர் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் கூடாது. கிறிஸ்துமஸ், கோடை, விஷு, மழைக்காலம், திருவோணம், பூஜை என்று கேரளத்தில் சரியாக ஆறுதான். திருவனந்தபுரத்தில் பிற்பகலில் நடுவர்கள் முன்னிலையில் எண்களை இயந்திரம் சுழற்றி எடுப்பதைத் தொலைக்காட்சியிலும் பார்க்கலாம்.

கேரள அரசின் லாட்டரித் துறை 1967இல் தொடங்கப்பட்டது. ஒரு ரூபாய்ச் சீட்டு, 50,000 ரூபாய் முதல் பரிசு, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல். அதே 1968இல் தமிழ்நாடும் ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று சொல்லித் தன் பரிசுச் சீட்டை விற்கத் தொடங்கியது.

பணக்கணக்குக்கு வந்தால் மனநிறைவு குறைகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். சீட்டின் விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால், நான் கொடுத்த 50 ரூபாயில் ஏறத்தாழ 14 ரூபாய் 28 காசு வரியாகவே போய்விட்டது. முகவர் கழிவு, அச்சுச் செலவு, அரசின் பங்கு எல்லாம் மீதியிலிருந்துதான். பரிசு விழுந்தாலும் முழுத்தொகை கைக்கு வராது. 25 கோடி ரூபாய்த் திருவோணம் பம்பரில் 10 சதவீதம் முகவருக்குப் போக 22.5 கோடி; அதில் 30 சதவீத வருமான வரிப் பிடித்தம் போக 15.75 கோடி, கூடுதல் வரியும் மேல்வரியும் வெற்றியாளர் பிறகு தனியே கட்ட வேண்டியவை. கடை வாசலில் 25 கோடி என்று எழுதும் இடத்திலேயே கைக்கு வரும் தொகையையும் எழுதுவதுதான் நேர்மை.

பரிசு 5,000 ரூபாய் வரை என்றால் கேரளத்து முகவரிடமே வாங்கிக்கொள்ளலாம். ஒரு இலட்சம் வரை மாவட்ட லாட்டரி அலுவலகம், அதற்கு மேல் திருவனந்தபுரத்து இயக்குநரகம். முப்பது நாட்களுக்குள் அசல் சீட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிமாநிலத்தவர் நோட்டரி சான்றளித்த ஆவணங்களையும் தர வேண்டும் என்பதால், நம்மவர்களுக்கு அலைச்சல் சற்று அதிகம்.

என் சீட்டுக்கு எதுவும் விழவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. என் பக்கத்து வீட்டு அண்ணன் வாட்ஸ்அப்பில் வந்த எண்ணுக்குப் பணம் அனுப்பி, சீட்டின் புகைப்படத்தை மட்டும் பெற்று ஏமாந்ததுதான் என்னை வருத்துகிறது. கேரள லாட்டரி காகிதச் சீட்டாக, கேரள எல்லைக்குள் மட்டுமே விற்கப்படுகிறது. இணையவழி விற்பனை கிடையாது. எல்லைக்கு இப்பால் கள்ளத்தனமாக நடக்கும் ‘மூணு நம்பர்’ சூதாட்டத்துக்கு இந்த முடிவுகளின் கடைசி இலக்கங்கள் பயன்படுவதற்கும் அந்த அரசுக்கும் தொடர்பில்லை. கூலி வாங்கிய கையோடு அதில் பணத்தை இழப்பவர்களோ நம் ஊர்க்காரர்கள்.

துறையிடம் ஒரு கோரிக்கை உண்டு. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ் பேசும் மக்கள் பலர் வாழ்கிறார்கள்; எல்லைக் கடைகளில் வாங்குவோரிலும் பலர் தமிழர். முப்பது நாள் கெடுவையும் இணைய விற்பனை இல்லை என்பதையுமாவது சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் இரண்டு வரியாக அச்சிட வேண்டும்.