வேனுக்குள் நான்கு குளிர்காலம்: ஈரத்தோடு பட்ட பாடு

பழைய ராம் புரோமாஸ்டர் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் நானே செய்து பொருத்தினேன். நான்கு குளிர்காலம் ஓடிவிட்டது. டொராண்டோவிலிருந்து நானும் மனைவியும் அல்கோன்குவின் வனப் பூங்காவின் மியூ லேக் முகாமுக்குத்தான் அதிகம் போவோம். அது குளிர்காலத்திலும் திறந்திருக்கும். ஜனவரி இரவில் மைனஸ் 25 எல்லாம் சாதாரணம். குளிரை எப்படித் தாங்குகிறீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். குளிரைச் சமாளித்துவிடலாம். எங்களைப் படுத்தி எடுத்தது ஈரம்.

முதல் வருடம் சின்ன புரொப்பேன் ஹீட்டரை உள்ளேயே வைத்து எரித்தோம். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தது, தூங்கும் முன் அணைத்தும் விடுவோம். காலையில் பார்த்தால் சுவரில் இருந்த ஒவ்வொரு திருகாணித் தலையிலும் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி உறைபனி. வெயில் ஏறியதும் அது உருகித் தலையணையில் சொட்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும் என்று அப்புறம்தான் படித்தேன். எங்கள் மூச்சும் சமையல் ஆவியும் தனிக்கணக்கு.

ஏப்ரலில் சுவர்ப் பலகையைக் கழற்றினேன். பின்பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம். வீட்டுச் சுவருக்குச் செய்வதுபோல் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, மேலே பாலிதீன் தாளை ஒட்டியிருந்தேன். பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. வேனில் ஒயர் போகும் ஓட்டை, வளைவு, சட்டம் என்று ஆயிரம் இடுக்கு; தாளை முழுதாக ஒட்டவே முடியாது. ஆவி உள்ளே போகும், குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகும், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும்.

எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, தட்டையான இடங்களில் ஒரு அங்குல நுரைப்பலகையை (நம்மூர் தெர்மாகோலின் கெட்டியான வகை) தகரத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டினேன். இரும்புச் சட்டங்களைத் தின்சுலேட்டால் (குளிர் தடுக்கும் செயற்கை இழைப் பஞ்சு) மூடினேன். சட்டத்தை வெறுமனே விட்டால் சூடு அதன் வழியாகவே வெளியே போய்விடும்.

ஆனால் நிலைமையை மாற்றியது கூரையில் 14 அங்குலத்துக்கு வெட்டிப் பொருத்திய விசிறிதான். இரவு முழுக்க மிகக் குறைந்த வேகத்தில் காற்றை வெளியே தள்ளும். முன்பக்க ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைப்போம். சூடு போய்விடுமே என்று மனம் அடித்துக்கொள்ளும். போகட்டும். மைனஸ் 20 காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் நனைந்த கையுறைகூட விடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் விசிறியை வாங்குங்கள்.

இரண்டாம் வருடம் 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் பொருத்தினேன். எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடும். உள்ளே வருவது உலர்ந்த சூடு மட்டும். எங்கள் வேன் பெட்ரோல் என்பதால் தனியாக 10 லிட்டர் தொட்டி. ஓர் இரவுக்கு ஒன்றரை லிட்டர் போல ஆகும். ஒரு தடவை நடுராத்திரியில் நின்றுவிட்டது. எப்போதும் சிறு தீயிலேயே ஓட்டியதால் உள்ளே கரி அடைத்திருந்தது. இப்போது ஒவ்வொரு பயணத்திலும் கிளம்பும் முன் அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுகிறேன். டீசலும் குளிர்கால வகையாக இருக்கவேண்டும். கோடையில் வாங்கி வைத்தது கடுங்குளிரில் கூழாகிவிடும்.

முன்கண்ணாடியில் மட்டும் இன்னும் பனி படிகிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கனத்த திரை போட்டிருக்கிறேன். காலையில் அதை விலக்கி, கண்ணாடியைச் சுரண்டித் துடைத்துவிட்டு வண்டியை எடுப்போம். தலையணை காய்ந்தே இருக்கிறது.